உழுத நிலம்போல் ஒரு பல்

வாருங்கள், இந்த உருப்பெருக்கிக் கண்ணாடிக்குள் நீங்களும் குனிந்து பாருங்கள், ஒரு பொய் எப்படிச் செதுக்கப்பட்டிருக்கிறது என்று நீங்களே சாட்சி சொல்லுங்கள்... நைஜீரியாவின் இபாடான் நகரில் ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில், இரண்டு துண்டாய் உடைந்த பீங்கான் பல் அதைச் சுட்டுச் செய்த மொரேனிகேயின் உள்ளங்கையில் கிடக்கிறது, பக்கத்தில் ஒரு கடிதம், மின்சாரம் நின்று சூளை ஆறிவிட்டது, பிழை என்னுடையது, என்று அவளுக்காக டாக்டர் ஒகுன்டோயின் எழுதிவைத்த அவளுடைய வாக்குமூலம். மின்சாரம் நின்றதாம். இந்த ஊரில் எந்தப் பழியையும் மின்சாரத்தின் தலையில் கட்டலாம், எவரும் மறுக்கமாட்டார். ஆனால் பல்லைச் சுட்ட அன்று காலை முதல் ஜெனரேட்டர் ஓடியதே, சூளை ஒரு கணமும் ஆறவில்லையே, பல் கண்ணாடிபோல் வழவழவென்றுதானே அவள் கையைவிட்டுப் போனது? பிறகு இந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன... பல்லின் பின்புறத்தில், நாக்குத் தொடும் பக்கத்தில், வரிவரியாக, உழுத நிலம்போல, அதில் ஒரு வரியிலிருந்துதான் விரிசல் கிளம்பியிருக்கிறது. கடி உயரமாக இருக்கிறதென்று டாக்டர் வாயிலேயே வைத்து வைரமுனையால் அரைத்திருக்கிறார், அரைக்கட்டும், ஆனால் அரைத்த இடத்தை ரப்பர் முனையால் தேய்த்து மெருகேற்ற ஐந்து நிமிடம் கிடைக்கவில்லையா? பீங்கான் இரும்பல்லவே, வளைந்து கொடுக்காதே, மேலே ஒரு கீறல் இருந்தால் ஒவ்வொரு கடியும் அதற்குள்தானே ஆப்பு இறக்கும்?

“இன்னும் கையெழுத்துப் போடலையா?” டாக்டர் கதவில் சாய்ந்து நிற்கிறார். “சூளை ஆறல, ஓகா,” என்றாள் மொரேனிகே முதலாளியிடம். “ஆறிச்சோ வெந்துச்சோ, கல்யாணத்துல போய் ஓரோக்போ கொட்டையைக் கடிச்சா எந்தப் பல்லுதான் நிக்கும்? போட்டா வேலை இருக்கும், அவ்வளவுதான்.” அவ்வளவுதானாம். அப்படியானால் இந்தப் பல்லைப் பொருத்திக்கொண்ட அபேக்கேக்கு? கல்யாணங்களில் பெண் வீட்டுக்காக நின்று, மாப்பிள்ளை வீட்டாரைப் பாட்டாலும் கேலியாலும் மடக்கிக் குப்புற விழவைப்பதே அவள் பிழைப்பு, அந்தக் கசப்புக் கொட்டையை வழக்கப்படி கடித்தபோது முன்பல் தட்டில் விழ, அன்று சிரித்தவர்கள் மாப்பிள்ளை வீட்டார்... வாயை நம்பி வாழ்பவளின் வாயில் அலட்சியத்தைப் பொருத்தி அனுப்பிவிட்டுப் பழியை ஒரு கொட்டையின்மேல் போடுவதா? மொரேனிகே பேனாவை மூடினாள், கண்ணாடியையும் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு, டாக்டரைக் கடந்து, அபேக்கே உட்கார்ந்திருந்த காத்திருப்போர் கூடத்துக்கு நடந்தாள்.

“என்னம்மா இது, எலி பிறாண்டின மாதிரி இருக்கு?” என்றாள் அபேக்கே, கண்ணாடிக்குள் பார்த்து. “அரைச்சாங்க மா, மெருகு போடல.” “அடப்பாவிங்களா, நான் அந்தக் கொட்டையை நட்டவன் பரம்பரையையே திட்டிக்கிட்டு இருந்தேன்.” கூடம் சிரித்தது, பின்னாலேயே வந்த டாக்டர் சிரிக்கவில்லை. “அது போகட்டும், போன மாசம் என் தங்கச்சி பல்லையும் இங்கதானே அரைச்சாங்க, அது பளபளன்னு இருக்கே?” அந்தப் பல், ஒட்டுவதற்கு முன், கீறலோடு மொரேனிகேயிடம்தான் திரும்பி வந்தது, அவசரம் என்றார்கள், தேய்க்காமலே மேலே மெருகுக் குழம்பைப் பூசிச் சுட்டு அனுப்பியது யார் கை? அந்தப் பளபளப்புக்கு அடியில் கீறல் இன்னும் உயிரோடுதானே இருக்கும், தங்கை இப்போது எதைக் கடித்துக்கொண்டிருப்பாள்... கேட்டவள் பதிலுக்குக் காத்திருக்கிறாள். நீங்கள் காத்திருக்காதீர்கள். உங்கள் பல்லை அரைத்தால், அரைத்த இடத்தைத் தேய்த்தாயிற்றா என்று கேளுங்கள். பதில் வரும்வரை நாற்காலியைவிட்டு எழாதீர்கள். அரைத்தவரைக் கேளுங்கள், சுட்டவளையும் கேளுங்கள்.