இடது பக்கம்

காந்தத்தைக் கதவில் வைத்தேன். பிடிக்காமல் நழுவி என் செருப்பின் மேல் விழுந்தது.

பழைய காரை நான் காந்தத்தை வைத்துத்தான் எடைபோடுவேன். தகரம் இருந்தால் ஒட்டும். நெளிந்த இடத்தைப் பட்டி போட்டு நிரவிப் பெயின்ட் அடித்திருந்தால் ஒட்டாது. சொந்தக்காரர்களைக் கேட்டுப் பயனில்லை, காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இந்தக் காரைச் செய்த கம்பெனியை மூடி நாற்பது வருடம் ஆகிறது. முப்பது வருட டிங்கர் வேலையில் இந்த மாடலை நான் பார்ப்பது இது இரண்டாவது தடவை. சீட்டுப் பஞ்சை எலி பிய்த்துக் குடும்பம் நடத்தியிருந்தது. தரைத்தகடு துருவில் உதிர்ந்துபோய், உள்ளே உட்கார்ந்தால் கால் சிமெண்டில் படும்.

"சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு ஆயிடும்ணே. தேறாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நாளைக்குப் பழைய இரும்புக்காரரை வரச் சொல்லியிருக்கேன். நான் சொன்னா அம்மா கேக்க மாட்டாங்க," என்று மகன் வாசலிலேயே என் காதைக் கடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

அம்மாவுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் கணவர் தவறிவிட்டார். நான் வண்டியைச் சுற்றிவர, அவரும் கூடவே வந்தார்.

"இருபத்திரெண்டு வருஷம் நான்தான் ஓட்டினேன் தம்பி. அவருக்கு ஸ்டியரிங்னாலே பயம். கழுவுறது, துடைக்கிறது மட்டும் அவர். என்னைக் கிட்டயே விட மாட்டார். ஒரு கீறல் விழுந்ததில்ல தெரியுமா? வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார்."

வலது பக்கம் முழுக்கக் காந்தம் கெட்டியாகப் பிடித்திருந்தது. சுவரை ஒட்டி நின்ற இந்த இடது பக்கத்தில்தான் விழுந்துகொண்டே இருந்தது. முன் மட்கார்டில் மூன்று இடம், கதவுகளில் ஆறு, பின்னால் இரண்டு. பிளேடால் லேசாகச் சுரண்டினேன். பட்டி, பெயின்ட், அதற்கு மேல் மறுபடி பட்டி. கையாலேயே உப்புத்தாள் போட்டுத் தேய்த்த வேலை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் வேலையைவிடச் சுத்தம். வரும்போது கேட்டின் தூணில் இடுப்பு உயரத்துக்கு வேறு நிறத்தில் சிமெண்ட் பூசியிருந்தது ஞாபகம் வந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"தேறுமா தம்பி?"

சேஸிஸ் நன்றாக இருந்தது. தேறும். ஆனால் இடது பக்கத்தை வெட்டி எடுக்க வேண்டும், ஏன் என்று சொல்லவும் வேண்டும். தேறாது என்றால் வண்டி நாளைக்கே இரும்புக்குப் போய்விடும், அம்மாவின் பெருமை அப்படியே இருக்கும்.

"வண்டிக்கு வயசாயிடுச்சும்மா..."

"எனக்கும்தான் ஆயிடுச்சு. அந்தப் பக்கம் ஒட்டுது, இந்தப் பக்கம் விழுது. ஏன்?"

கணக்கு டீச்சரிடம் எத்தனை நேரம் மழுப்புவது? சொல்லிவிட்டேன். பதினோரு இடம் என்றும் சொன்னேன்.

அவர் என் கையிலிருந்து காந்தத்தை வாங்கினார். முன்னாலிருந்து பின்வரை ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தார். விழுந்தபோதெல்லாம் குனிந்து எடுத்தார், என்னை எடுக்க விடவில்லை. கடைசி இடத்துக்கு வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீரோடு.

"வண்டியை கேட்டுக்குள்ள திருப்புறப்போ கரக்குன்னு ஒரு சத்தம் வரும் தம்பி. என்னங்கன்னு கேட்டா, கேட் கீல்தான், எண்ணெய் போடணும்னு சொல்லுவார். வாராவாரம் போடுவார். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கார் மனுஷன்!"

என் மனைவி ஒரு தடவை ஸ்கூட்டரைச் சாய்த்ததை நான் ஒரு வாரம் சொல்லிக் காட்டியிருக்கிறேன். முகம் தெரியாத அந்த மனிதர் முன்னால் எனக்குக் கூச்சமாக இருந்தது.

"இந்தப் பக்கத்தைத் தொடாம ஓட வைக்க முடியுமா?"

"இன்ஜினைத் திறந்து பாத்தாத்தான் தெரியும்மா. ஓடினாலும், அபூர்வமான வண்டின்னு தேடி வர்றவங்க இந்தப் பட்டியைப் பாத்தா மதிக்க மாட்டாங்க."

"அவங்க மதிச்சு எனக்கு என்ன ஆகணும்? நீங்க நாளைக்கு வந்து திறந்து பாருங்க. இரும்புக்காரரை வர வேண்டாம்னு நான் சொல்லிக்கறேன்."

"பையன் என்மேல கோவிச்சுக்குவாரேம்மா."

"அவனுக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுத்ததே நான்தான்," என்றார். சொன்ன பிறகு அவருக்கே மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். வழியனுப்ப வாசல்வரை வந்தவர், தூணில் சிமெண்ட் பூசிய இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு எனக்காகக் கேட்டைத் திறந்தார். கீல் சத்தமே போடவில்லை.