இரண்டு மஞ்சள் டோக்கன்கள்

தங்கையின் கல்யாண வரவேற்புக்கு இன்னும் நான்கு நாள். அக்காவுக்கு இப்போதே முதுகு ஒடிந்துவிட்டது. காலையிலிருந்து பல் மருத்துவமனையில் நோயாளிகளின் பெயரைக் கூப்பிட்டுவிட்டு வந்து, சாப்பாட்டு மேசை முழுக்க உறைகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு மது இல்லாமல் விருந்தே கிடையாது. இந்த வீட்டிலோ, அப்பா குடியை விட்டுப் பதினோரு மாதம். வேண்டாம் என்றால் சம்பந்தி முகம் கோணும். சரி என்றால் இவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மூன்று வாரம் போனில் மல்லுக்கட்டிக் கடைசியில் ஒரு வழி பிறந்தது: பக்கத்து அறையில் மட்டும் பரிமாறுவது, ஆளுக்கு இரண்டு டோக்கன், அதற்குமேல் கெஞ்சினாலும் கிடையாது.

"மருந்து மாதிரி வேளைக்கு ஒண்ணா அண்ணி?" என்று போனிலேயே சிரித்தார் மாப்பிள்ளை.

"ஆமா, சாப்பாட்டுக்கு அப்புறம்" என்றாள். கூடச் சிரிக்கத் தெம்பில்லை.

வீட்டாருக்கான டோக்கன் உறைகளைக் காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே கொடுத்தாயிற்று. இப்போது அப்பா தன் உறையோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். அதிலிருந்து ஒரு மஞ்சள் டோக்கனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"என்னம்மா இது, பரீட்சையா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டியலை வைத்துக்கொண்டு ஒரு பெயர் விடாமல் இரண்டிரண்டாகப் போட்டிருந்தாள். முதல் பெயரே அப்பாவுடையது.

"ஐயோ, இல்லப்பா! தூக்கக் கலக்கத்துல வரிசையாப் போட்டுட்டேன். பேசாம எல்லாத்தையும் நிறுத்திடறேன்."

"நிறுத்தி? என்னாலதான் தொண்டை காஞ்சுதுன்னு ஊரே பேசவா?" அவர் இருக்கை வரைபடத்தை இழுத்தார். "என் நாற்காலி எங்க?"

காட்டினாள். அது மது பரிமாறும் அறையின் கதவைப் பார்த்தபடி இருந்தது.

"இதைத் திருப்பு. கதவுக்கு முதுகு காட்டி உக்காந்துக்கறேன். பக்கத்துல உன் சித்தப்பாவைப் போடாதே, 'ஒரு வாய்தானே'ம்பான். நீ உக்காரு."

"நான் வாசல்ல நிக்கணும்பா."

"அம்மா நிக்கட்டும்."

மூன்றாம் தடவையாக அழித்தாள். தாள் கிழிந்தது. கண் டோக்கன்மேல் போயிற்று. ஒன்றுதான் இருந்தது. கேட்கவும் வாய் வரவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

அப்பா எழுந்தார், சமையலறை வரை போனார், திரும்பி வந்தார். சட்டைப் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து முதலாவதின்மேல் வைத்தார். அதன் ஓரம் கசங்கியிருந்தது.

"காலையிலேருந்து இங்கதான் இருந்துச்சு" என்றார்.

அவள் அவருக்கு அடுத்த நாற்காலியில் தன் பெயரை எழுதினாள்.