மில்லிமீட்டரின் கார்

வண்டி மீட்டர் பழுது பார்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இம்மியும் பிசகக் கூடாது என்று எல்லோர் உயிரையும் வாங்குவதால் பட்டறையில் அவருக்கு 'மில்லிமீட்டர்' என்று பெயர். அப்பேர்ப்பட்டவர், தன் சொந்தக் காரின் மீட்டர் தப்பாக ஓடுகிறது என்று மனைவியிடம் சாதித்துக்கொண்டிருந்தார்.

"பட்டறைக்குப் போய்ட்டு வர எட்டு கிலோமீட்டர். சனிக்கிழமை மட்டும் இருபது ஏறுதே, எப்படிங்க?" என்று அவள் கேட்டால் பாவம், வேறு என்னதான் சொல்வார்?

மகள் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டபோது, "இனி அவ முகத்துல முழிக்க மாட்டேன், நீயும் போகக் கூடாது" என்று குதித்தவர் அவர்தான். இப்போது சனிக்கிழமைதோறும் மகள் வீட்டுத் தெருமுனையில் காரை நிறுத்தி, பால்கனியில் அவளை ஒரு கண் பார்த்துவிட்டு வருகிறார். இது தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும்.

"தப்பா ஓடுதா? வாங்க, செக் பண்ணிடலாம்" என்று மனைவி செருப்பை மாட்டிக்கொண்டாள்.

நெடுஞ்சாலையில் ஒரு கிலோமீட்டர் கல்லுக்கு நேராகக் காரை நிறுத்தி, மீட்டரைப் பார்த்துக்கொண்டு கிளம்பினார்கள். அவள் கல்லை எண்ணிக்கொண்டே வந்தாள். மீட்டர் தப்பாக இருக்கவேண்டுமே என்றுதான் அவர் முதலில் வேண்டிக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு கல்லாகக் கடக்கக் கடக்க உள்ளே இருந்த தொழில்காரன் தலைதூக்கிவிட்டான். பத்தாவது கல்லில் மீட்டரும் கச்சிதமாகப் பத்து ஏறியிருந்தது.

"பாத்தியா! ஒரு முடி அளவு வித்தியாசம் இருக்கா? யாரு செட் பண்ணது!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினார்.

நுணலும் தன் வாயால் கெடும். சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"அப்ப அந்தப் பன்னெண்டு கிலோமீட்டர்?"

சொல்லிவிட்டார்.

"பெத்தவ என்னைக் கட்டிப்போட்டுட்டு நீங்க மட்டும் போய்ப் பாத்தீங்களா?" அவள் அழுதுவிட்டாள். அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது. "திருப்புங்க வண்டிய" என்றாள்.

பழக்கதோஷம், மகளின் தெருமுனை வந்ததும் கால் தானாக பிரேக்கை அழுத்தியது.

"வாசலுக்குப் போங்க."

போனார். மனைவி கதவைத் தட்ட, அவர் அவள் முதுகுக்குப் பின்னால் பதுங்கி நின்றார். கதவைத் திறந்த மகள் அம்மாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு அம்மாவின் தோளுக்கு மேலாக அவரைப் பார்த்தாள்.

"உள்ள வாங்கப்பா. நீங்க பாக்கணும்னுதான் சனிக்கிழமையானா பால்கனியில வந்து நின்னுட்டிருப்பேன்."