ஆள் உயர மெழுகுவர்த்தியை மூட்டையில் வைப்பது எப்படி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு முதுகுப்பையிலிருந்து வந்தது. நெடுந்தூரம் நடக்க வேண்டும் என்று ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு ஓர் ஆசை. ராஜபாளையத்தில் ஒரு கடையில் போய்ப் பை கேட்டேன். கடைக்காரர் ஒன்றை எடுத்துச் சுண்டுவிரலில் மாட்டிக் காட்டி, "வெயிட்டே கிடையாது சார்" என்றார். வாங்கி வந்து வேண்டியதையெல்லாம் அதற்குள் அடைத்தேன். பிறகு தூக்கிப் பார்த்தேன். பை என் பக்கம் வரவில்லை, நான்தான் அதன் பக்கம் சாய்ந்தேன்.

எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டி, எதை விடலாம் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதே நடக்கும் ஆசை போய்விட்டது. எழுதும் ஆசை வந்தது. சோம்பேறிகளுக்கு இப்படித்தான் ஆகும். எனக்குப் பதிலாக வேறு யாரையாவது நடக்கவிடலாம் என்று அருளப்பன் என்று ஒருவனையும், அன்னத்தாய் என்று அவன் மனைவியையும் உண்டாக்கினேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் மம்சாபுரத்தில் அவர்களைக் குடிவைத்தேன். ஆண்டு 1945, ஆடி மாதக் கடைசி.*

*ஜப்பான்காரன் சரணடைந்த செய்தி அந்த நாட்களில்தான் வந்தது. அதைக் கதையில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பெரிய சாமான், இறக்கிவைத்துவிட்டேன்.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

"மேற்கே மலைமுகட்டில் மேகங்கள் கவிந்து கிடந்த ஒரு மாலைப்பொழுதில் அருளப்பன் தன் வீட்டு வாசலில்—" வேண்டாம். மேகத்தையும் சேர்த்துச் சுமக்க என்னால் ஆகாது.

"அருளப்பன் வழியில் செத்துப்போவான் என்று அன்னத்தாய்க்குத் தோன்றிய நாளில்—" இது அதைவிடக் கனம். ஆனாலும் தூக்கி எறியாமல் ஓரமாக வைத்திருக்கிறேன், பிறகு எடுக்க வேண்டியிருக்கும்.

"மெழுகுவர்த்தி வளைந்துவிட்டது." இதுதான் சரி. இனி ஏன் வளைந்தது என்று சொல்ல வேண்டும்.

அருளப்பன் பர்மா எல்லையில் ரோடு போடும் பட்டாளத்தில் இருந்தான். ஒரு மழைக்காலம் முழுக்க அவனிடமிருந்து கடிதம் இல்லை. அன்னத்தாய் வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டாள். அவர் உயிரோடு திரும்பி வந்தால், அவர் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தியை அவரே தோளில் சுமந்து, ஊரிலிருந்து நடந்தே வந்து ஏற்றுவார் என்பது நேர்ச்சை. கணவனைக் கேட்காமல் கணவன் தோளை நேர்ந்துவிட்டாள். பயந்துபோன மனைவிக்கு அந்த உரிமை உண்டு என்று நானும் விட்டுவிட்டேன்.

அருளப்பன் வந்தான். நெஞ்சுச் சளி முற்றி, ஒரு பக்க நுரையீரல் பழுதாகி வந்தான். நடக்கலாம், பாரம் தூக்கக் கூடாது என்று பட்டாளத்து டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

சண்டைக் காலத்தில் கடையில் மெழுகு கிடைக்கவில்லை. மலையில் தேன் எடுக்கிறவர்களிடம் தேன்மெழுகு வாங்கி, மூங்கிலைப் பிளந்து அச்சாக்கி, அன்னத்தாயே வார்த்தாள். அருளப்பன் நல்ல உயரம். மெழுகுவர்த்தியும் அவன் உயரம், அவள் கை மணிக்கட்டுப் பருமன். இரண்டு டிரங்குப் பெட்டிகளுக்குக் குறுக்கே கிடத்தியிருந்தாள். வெக்கையில் அது நடுவில் இளகி, பிள்ளை கிடக்கிற தொட்டில் போலத் தொங்கிவிட்டது.

(அன்னத்தாய் கெட்டிக்காரி என்று எழுதியிருந்தேன். கெட்டிக்காரி இப்படி ஒரு மெழுகுவர்த்தியைச் செய்வாளா என்று எனக்கே சந்தேகம் வந்தது. யோசித்துப் பார்த்தேன். செய்வாள். மாதாவுக்குக் கொடுப்பதில் கஞ்சத்தனம் பார்க்கிற பெண்ணை இந்தப் பக்கத்தில் நான் கண்டதில்லை.)

3

புறப்பாட்டுக்கு முந்தின நாள் காலை. பக்கத்து வீட்டுச் சங்கையா கடலைக்கடையைச் சாத்திவிட்டு, தராசோடு வந்துவிட்டார். அருளப்பனோடு ஒன்றாகச் சுற்றித் திரிந்தவர். இருவரின் வழிநடைக்கும் அன்னத்தாய் கட்டிவைத்திருந்த மூட்டையைச் சுற்றி வந்து பார்த்தார்.

"அம்மிய மட்டும் எதுக்குலே விட்டுட்டுப் போற?"

"அவ அதையும் கட்டியிருப்பா. கயிறு பத்தலை" என்றான் அருளப்பன்.

"நீங்க ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு இருங்க" என்றாள் அன்னத்தாய். "ஆக்கித் திங்க ஏனம் வேண்டாமா, அண்ணாச்சி?"

அருளப்பன் ஒவ்வொன்றாகத் தராசில் வைக்கச் சொன்னான். பட்டாளத்தில் முதுகுச் சுமையோடு நடந்து பழகியவன். முதல் நாள் வேண்டும் என்று தோன்றுகிற சாமானெல்லாம் மூன்றாம் நாள் ரோட்டோரம் கிடக்கும் என்று சொன்னான். தவலை போயிற்று. அரிசி போயிற்று. அதற்குப் பதிலாக வறுத்த மாவும் கருப்பட்டியும் வந்தன. பித்தளைச் செம்பு போய்ச் சுரைக்குடுக்கை வந்தது. தட்டு வேண்டாம், வழியெல்லாம் பனை நிற்கிறது, ஓலையைப் பட்டையாக மடித்தால் போதும். அரிக்கன் விளக்கைப் பார்த்துச் சங்கையாவே தலையை ஆட்டிவிட்டார். பட்டாளத்துக் கித்தான் பையையும் அருளப்பன் விடச் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம்.

"வெறும் பையே கனக்கு. வளையமும் வாருமா, அது ஒண்ணே ஒரு சுமை. ஓலைக் கொட்டான் போதும்."

(இந்த இடத்தில் நான் என் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். சுண்டுவிரல் பை என்னைப் பார்த்தது.)

கடைசியில் மெழுகுவர்த்தி. சங்கையா அதைத் தராசில் வைக்க முடியாமல், கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு நிறுத்தார்.

"ரெண்டு வீசைக்கு மேல நிக்குது, தாயி. இத இவன் தூக்க மாட்டான்."

"நடுவுல வெட்டிருவோம்" என்றான் அருளப்பன். "நீ பாதி, நான் பாதி."

"வெட்டவா? அது நீங்க. உங்க உயரம். உங்களை நான் நடுவுல வெட்டவா?"

"அப்ப பஸ்ஸுல போட்டு விடு."

"நீங்க சுமந்து வருவீயன்னு சொல்லியிருக்கேன். மாதா உங்களத் திருப்பிக் குடுத்துட்டா. சொன்னதை நான் செய்யலைன்னா..." அவள் முடிக்கவில்லை.

முடிக்காததை நான் முடிக்கிறேன். சொன்னதைச் செய்யாவிட்டால் கொடுத்ததை மாதா எடுத்துக்கொள்வாள் என்று அவள் பயந்தாள். சொன்னதைச் செய்தால் அந்தக் கனத்திலேயே அவன் நெஞ்சு நின்றுவிடும் என்றும் பயந்தாள். இரண்டு பயத்துக்கும் நடுவில் மெழுகுவர்த்தி தொங்கிக்கொண்டிருந்தது.

4

இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை. பல நாள் மெழுகுவர்த்தி கதைக்குக் குறுக்கே கிடந்தது. நான் அதைத் தாண்டித் தாண்டிக் காப்பி குடிக்கப் போனேன். சங்கையாவைக் கதையை விட்டே அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் தராசு அவருடையது.

அப்போதுதான், மூட்டையில் இன்னும் நிறுக்காத ஒன்று இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. ஜமுக்காளம். அருளப்பனின் நெஞ்சுச் சளிக்காக அதைக் கட்டாயம் எடுத்துப் போக வேண்டும் என்று அன்னத்தாய் தன் பக்கத்திலேயே வைத்திருந்தாள். நாலாக மடித்திருந்தது. மடிப்புக்குள் வேறொன்று இருந்தது.

அதை அங்கே ஒளித்துவைத்தது அன்னத்தாய் என்றுதான் கதை சொல்லும். உண்மையில் வைத்தது நான். ஓரமாக வைத்த அந்த இரண்டாவது தொடக்கம் நினைவிருக்கிறதா? புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஆலமரத்தடியில் எனக்கு அது தேவைப்படும் என்று முன்னேற்பாடாக வைத்திருந்தேன். அந்த ஆலமரத்தைப் பற்றி அழகாக ஒரு பத்தியும் எழுதி வைத்தாயிற்று.

5

ஜமுக்காளத்தைத் தராசில் வைக்க அருளப்பன் எடுத்தான். அன்னத்தாய் சட்டென்று மறுமுனையைப் பிடித்தாள்.

"அத நிறுக்க வேண்டாம். நான் சுமக்கேன்."

"அதுக்கு ஏன் இந்தப் பிடி பிடிக்க?"

உதறினான். வெள்ளைத் துணி விழுந்தது. கஞ்சி போகாத புது மல் துணி, ஓரத்தில் மில் முத்திரைகூட அழியவில்லை. துணிக்குத் தட்டுப்பாடான காலம். கட்டுப்பாட்டுக் கடை வரிசையில் நின்று, தனக்கு ஒரு சேலை எடுக்காமல் அவள் இதை எடுத்திருக்கிறாள். இது எதற்கான துணி என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. சங்கையா குனிந்து எடைக்கற்களை அடுக்கத் தொடங்கினார்.

"எப்ப எடுத்த?" என்று கேட்டான் அருளப்பன்.

"டாக்டர் சொன்னத நீங்க சொன்னீயல்லா, அந்த வாரம்." அவள் அழவில்லை. "வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா, கோடி எடுத்துட்டு வர அங்க நமக்கு யாரு இருக்கா? ஊரு பேரு தெரியாத எடத்துல, அழுக்கு வேட்டியோட உங்களப் பொதைக்க எனக்கு மனசு வரலை."

அருளப்பன் குனிந்து துணியை எடுத்தான்.

"நீயும் பயப்படுதியா? நான் மட்டுந்தான்னு இருந்தேன்."

"உங்களுக்கு என்ன பயம்?"

"ஒன் கண்ணு முன்னால விழுந்துருவேன்னுதான். நேர்ந்துட்ட, பொறவு என்ன சொல்லன்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்." துணியைச் சுருட்டித் தராசுத் தட்டில் வைத்தான். "எம்புட்டு நிக்குன்னு பாரு, சங்கையா."

"எதுக்குலே இத..."

"பாரேன்."

சங்கையா கல்லை வைத்தார். தராசைத் தூக்கிப் பார்த்தார். "அரை வீசை வரும்."

"கனமாத்தான் இருக்கு. அப்ப வேண்டாம்" என்றான் அருளப்பன்.

சொல்லிவிட்டுத் துணியின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தான். காலுக்குச் சுற்ற வேண்டும், பட்டாளத்தில் கொப்புளம் வராமல் இருக்க இப்படித்தான் சுற்றிக்கொள்வோம் என்றான். "ஐயோ, கோடியப் போயா" என்று அன்னத்தாய் மறுமுனையைப் பற்றினாள். கொஞ்ச தூரம் கிழிந்ததும் அவனுக்கு மூச்சு வாங்கியது. நின்றுவிட்டான். துணி இருவருக்கும் நடுவில் விறைப்பாக நின்றது.

நான் எழுதிய பிரதியில் அவள் துணியைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஆலமரத்துக்கு அது வேண்டுமே. ஆனால் திரும்ப எழுதியபோது அவள் அப்படிச் செய்ய மறுத்துவிட்டாள். காலை ஊன்றிக்கொண்டு, "இழுங்க" என்றாள். இழுத்தார்கள். துணி கடைசி வரை கிழிந்தது. இன்னொன்று கிழித்தார்கள். இன்னொன்று. அப்புறம்தான் அவள் அழுதாள். அழுதுகொண்டே கிழித்தாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் பெரிய பாரம் இறங்கியது.

எல்லாம் கிழித்து முடித்தபோது கரை ஓரத்தில் விரலகலத்துக்கு ஒரு நாடா மிஞ்சிக் கிடந்தது. அன்னத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்தாள். நீளத்தைப் பார்த்தாள்.

"செத்த நேரம் நேரா நில்லுங்க."

அருளப்பன் நின்றான். நாடாவின் நுனியை அவன் குதிகாலுக்கடியில் மிதிக்க வைத்து, முக்காலியில் ஏறி, உச்சந்தலைவரை பிடித்து அளந்து, மிச்சத்தை அறுத்தாள்.

"மாதாகிட்ட நான் உயரந்தான் சொன்னேன். பருமன் சொல்லவே இல்ல."

வேண்டாம் என்று ஒதுக்கிய தவலை அடுப்பில் ஏறியது. மெழுகுவர்த்தியின் ஒரு முனையை அதில் விட்டு உருக்கினாள். நாடாவைத் திரியாக முறுக்கி மெழுகில் தோய்த்து இழுத்தாள். சூடு ஆறுவதற்குள் கையில் சுற்றினாள். கைமுறுக்கு போல ஒரு வளையம் வந்தது. அருளப்பனின் முழு உயரம், உள்ளங்கைக்குள்.

சங்கையாவுக்கு ஒரு சந்தேகம். "தாயி, மாதா இத ஏமாத்துனதா நெனைக்க மாட்டாங்களா?"

"அவ கைப்புள்ளையத் தூக்கிக்கிட்டு எகிப்து வரைக்கும் ஓடுனவ, அண்ணாச்சி. வழிநடைல பாரம்னா என்னன்னு அவளுக்குத் தெரியும்." வளையத்தைக் கொட்டானுக்குள் வைத்தாள். "மிச்ச மெழுக ஸ்ரீவில்லிபுத்தூர் மாதா கோயில்ல சாமியார்கிட்டக் குடுத்துட்டுப் போவோம். பூசைக்கு ஆவும்."

அருளப்பன் கொட்டானைத் தோளில் மாட்டிப் பார்த்தான். இரண்டு எட்டு நடந்தான். திரும்பி வந்து, "ஏட்டி, இதுக்குள்ள ஏதாவது இருக்கா?" என்று கேட்டான். சங்கையா சிரித்த சிரிப்பில் தராசுத் தட்டு ஆடியது.

6

இனி முடிவு.

அவர்கள் மதுரை, திருப்பத்தூர், புதுக்கோட்டை, தஞ்சாவூர், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணி போக வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் சேர்ந்து, அந்த மெல்லிய திரியை அவன் கையால் ஏற்றலாம். கெட்டி மெழுகுவர்த்தி விடிய விடிய எரியும், இது ஒரு ஜெபமாலை சொல்லி முடிப்பதற்குள் எரிந்துவிடும். எரியட்டும், நேர்ச்சை தீர்ந்தால் போதும். அல்லது திருமங்கலத்திலேயே அவனுக்கு இருமல் வந்து, இருவரும் சண்டை போட்டுக்கொண்டு கரி போட்டு ஓடுகிற பஸ்ஸில் திரும்பலாம். அடுத்த வருஷம் மறுபடி கிளம்பலாம். அல்லது

(இங்கே ஒரு வாக்கியம் தொடங்கினேன். விட்டுவிட்டேன்.)

எது என்று நான் சொல்லப் போவதில்லை. அவர்கள் போன தூரத்துக்கு எனக்கு நடக்கத் தெம்பில்லை. வழி உங்களுடையது. நீங்கள் எழுதிக்கொள்ளலாம், வெயிலையும் மழையையும் உங்கள் விருப்பம்போல வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும். புதுக்கோட்டைப் பக்கத்து ஆலமரம் அங்கேயேதான் நிற்கிறது, நான் அதை வெட்டவில்லை. அதனடியில் அருளப்பனைக் கிடத்த வேண்டும் என்று நினைக்கிறவர்கள் கோடித்துணியை அவர்களே கொண்டுவர வேண்டும். அன்னத்தாயின் மூட்டையில் இப்போது அது இல்லை. பாதி அவன் காலில் சுற்றியிருக்கிறது, இன்னொரு பாதி அவள் காலில்.