அம்மாவின் ஹெல்மெட்டைத் தேய்த்த கதை

1

மார்ச் 9, திங்கள். இந்தக் கதையின் முதல் வரியில் நேற்று ஒரு சிறு தவறு செய்தேன். 'அனல்மின் நிலையம் மூடப்படுவதால் 212 பேர் வேலை இழக்கிறார்கள்' என்று எழுதியிருந்தேன். மாநில அரசின் காலநிலைக் கொள்கை அறிக்கையில் இருந்த எண் அது. அதே பக்கத்தில் 'சூரிய மின்சாரத்தில் 340 புதிய வேலைகள்' என்றும் இருந்தது. கழித்துப் பார்த்து, லாபம்தான் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்தேன். படித்துக் காட்டியபோது அம்மா கேட்டாள்.

"இந்த இருநூத்துப் பன்னெண்டுல நான் இருக்கேனா?"

இருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா அங்கே பத்தொன்பது வருடமாகக் கன்வேயர் பெல்ட்டிலிருந்து சிதறும் நிலக்கரியை அள்ளிப் போடுகிறாள். தேடிப் பார்த்தேன். அறிக்கை நிரந்தரத் தொழிலாளர்களை மட்டும் எண்ணியிருக்கிறது. அம்மா காண்டிராக்ட்.

2

வேறு தொடக்கங்கள்:

புகைபோக்கி கடைசியாக ஒருமுறை (வேண்டாம். எல்லோரும் புகைபோக்கியில்தான் தொடங்குவார்கள்.)

நான் மாலை வகுப்பில் சூரியத் தகடு பொருத்தக் கற்கிறேன். (இதுதான் சரி.) வேலை இழப்பவர்களுக்கு அங்கே பயிற்சி இலவசம், முடித்தால் வேலை உறுதி. அம்மாவும் சேர ஆசைப்பட்டாள். வகுப்பில் வெள்ளை ஹெல்மெட்தான் போட வேண்டும். அதனால் சனிக்கிழமை, அவளுக்குத் தெரியாமல், அவளுடைய பழைய ஹெல்மெட்டைத் தேய்த்து வெள்ளை அடித்தேன்.

அம்மா போட்டுப் பார்த்தாள். "இதப் போட்டுக்கிட்டு நான் ஏறினா கூரை தாங்குமாடீ?"

3

இன்று காலை அம்மாவைப் பயிற்சியில் சேர்க்கப் பதிவு அலுவலகம் போனோம்.

"அங்க வேலை செஞ்சதுக்கு கேட் பாஸ் இருக்காம்மா?"

"காண்டிராக்டர் மாறும்போதெல்லாம் பிடுங்கிக்குவாங்க சார். அஞ்சு பேர் மாறிட்டாங்க."

"சம்பளச் சீட்டு?"

"அதெல்லாம் யாரு குடுத்தா."

(முதல் வரைவில் குமாஸ்தாவைக் கெட்டவராக்கினேன். அவர் அப்படியில்லை. அடித்துவிட்டேன்.) அவர் இழுப்பறையைக் குடைந்து ஒரு தாளை எடுத்தார்.

"ஹெல்மெட் வச்சிருக்கீங்கள்ல? காண்டிராக்டர் மாறினா பழைய கலர் மேலயே புதுக் கலர் அடிச்சு நம்பர் போடுவாங்க. ஓரமாச் சுரண்டிப் பார்த்து, எத்தன அடுக்கு இருக்கோ அத்தன காண்டிராக்ட்னு ஏத்துக்கலாம்னு போன வாரம் உத்தரவு வந்திருக்கு. புதன்கிழமைக்குள்ள கொண்டாங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் மேசையிலிருந்த கோந்துப் புட்டியைப் பார்த்தேன்.

4

சனிக்கிழமை முதலில் கரடான உப்புத்தாள், பிறகு நைசானது. வகுப்பில் சொன்னபடியே செய்தேன். பச்சை போனது. நீலம், மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் சிவப்பு. விரித்த செய்தித்தாளில் ஐந்து நிறத்தில் தூள். அதை ரசித்தேன். பயிற்சி நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன்: 'ஐந்து அடுக்கு. சுத்தமாக நீக்கப்பட்டது.' என் கையெழுத்தில், தேதியுடன்.

அம்மா அழுதாள் என்று இங்கே ஒரு வரி எழுதி, அடித்தேன். அவள் அழவில்லை. பஸ்ஸில், "பளபளன்னுதான் தேச்சிருக்க. வேலையக் கத்துக்கிட்ட" என்றாள். திட்டியிருந்தால் மூச்சு வந்திருக்கும்.

5

முடிவுகள்:

(அ) குமாஸ்தா என் நோட்டை நம்புகிறார்.

(ஆ) தேய்த்தவளே எழுதிய சாட்சி செல்லாது என்கிறார்.

(இ) பெல்ட்டை ஒட்டி நிற்கும் வரிசைதான் அம்மாவோடு வேலை செய்யும் பெண்களின் ஹெல்மெட் எண். காண்டிராக்டர் மாறினாலும் எண் மாறாது. அம்மா ஏழு. ஆறும் எட்டும் ஐந்து அடுக்கோடு தங்கள் ஹெல்மெட்டை மேசையில் வைத்தால், நடுவில் யாரோ ஒருத்தி பத்தொன்பது வருடம் நின்றிருக்கிறாள் என்று எந்த அலுவலகத்துக்கும் புரியும்.

மூன்றாவதை நம்பி அரைப்பக்கம் எழுதிவிட்டேன். அப்போது அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "ஆறாம் நம்பரு மூணு வருஷம் முன்னாடியே மாறிப் போயாச்சுடீ. இப்ப இருக்கவ புதுசு. எட்டைத்தான் கேக்கணும். ஆமா, மிச்ச உப்புத்தாள் எங்க?"

பேனாவை வைத்துவிட்டு, போனை எடுத்தேன்.

நேற்று எட்டாம் எண்ணுக்காரர், எட்டு அத்தை, வந்திருந்தார். வெள்ளை ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "எனக்கும் இப்படி ஆக்கணும்" என்றார். மிச்ச உப்புத்தாளைக் கொடுத்து, எப்படித் தேய்ப்பது என்றும் பொறுமையாகக் காட்டினேன். முதலில் கரடானது.

இப்போது நான்கு முறை கூப்பிட்டேன். போனை எடுக்கவில்லை. தேய்த்துவிட்டாரா, வேறு வேலையில் மறந்தே போனாரா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம். என்னால் எழுத முடியவில்லை.

நாளை, மார்ச் 10: காலை ஆறு மணிக்கு எட்டு அத்தை வீட்டுக்குப் போக வேண்டும். உப்புத்தாளைத் திருப்பி வாங்க வேண்டும்.