எண்பத்தைந்தாம் வருஷத்து கேசட்

மேற்குத் தாம்பரம் பங்குக் கோயில் கூடத்தில், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து பிரியாணி வருவதற்கு முன்னால், துரை மைக்கைப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை. மஸ்கட்டில் பதினோரு வருஷம் சம்பாதித்துவிட்டு வந்தவன், அன்றைய விருந்தே அவன் செலவு, அவன் கையிலிருந்து மைக்கை யார் வாங்குவது? ஃபாதரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழைய பாடகர் குழுவின் ஒன்றுகூடல் என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். நடந்தது என்னவோ துரையின் தொப்பைக்கு எடுத்த திருவிழா.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த தேவானந்தத்துக்கு அவனைப் பார்க்கப் பார்க்க அருவருப்பாக இருந்தது. கழுத்தில் வடம் மாதிரி சங்கிலி, சென்ட்டில் நனைத்து எடுத்த கைக்குட்டை, பேச்சுக்குப் பேச்சு ஒரு கண்சிமிட்டல். நாற்பது வயதில் கண்சிமிட்டுகிற ஆம்பளையைப் போல அசிங்கம் உலகத்தில் வேறு உண்டா?

"எண்பத்தஞ்சு," என்றான் துரை. "அது மாரி ஒரு வருஷம் எனக்கு அப்பறம் வரவே இல்ல."

அந்த வருஷம்தான் தாம்பரத்துக்கு இங்கிலீஷ் பாட்டு வந்ததாம். அதுவும் துரையின் கிதார் வழியாகத்தான் வந்ததாம். நெற்றியில் துணிப்பட்டை கட்டிக்கொண்டு, முட்டி வரை இறுக்கிய பேன்ட் போட்டுக்கொண்டு, கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் தான் பின்பக்கமாக வழுக்கி நடந்து ஆடியதைச் சொன்னான். கூட்டம் கைதட்டியது. அவன் அன்றைக்கு வழுக்கியது ஆட்டத்தால் இல்லை, மேடையில் யாரோ கொட்டிய கலர் சோடாவால் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. பிரியாணி இன்னும் வந்து சேரவில்லை அல்லவா.

பொய். வடிகட்டின பொய். தாம்பரத்துக்கு எண்பத்தைந்தைக் கொண்டுவந்தவன் தேவானந்தம்.

ஸ்டேஷனை ஒட்டிய சந்தில், ஒரு பீரோ அளவுக்கு அவன் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தான். சனிக்கிழமை தோறும் மின்சார ரயிலேறி பர்மா பஜாருக்குப் போவான். வெளிநாட்டுச் சரக்கு விற்கும் மூட்டைக்காரர்களோடு மல்லுக்கட்டி, அந்த மாதம் வெளிநாட்டில் வந்த பாட்டை அந்த மாதமே கொண்டுவந்து சேர்த்துவிடுவான். ஹாஸ்டல் பையன்கள் காலி கேசட்டும் பாட்டு லிஸ்ட்டுமாகக் கியூவில் நிற்பார்கள். லிஸ்ட் தீர்ந்து டேப் மிச்சமிருந்தால், அந்த இடத்தில் தன் இஷ்டத்துக்கு ஒரு பாட்டைப் போட்டுக் கொடுப்பது தேவானந்தத்தின் வழக்கம். "அண்ணா, கடைசியில நீங்க போட்ட பாட்டுதான் டாப்பு" என்று வந்து சொல்வார்கள். அட்டையில் பாட்டுப் பெயர்களைச் சாய்வெழுத்தில் அவனே எழுதுவான். குரோம்பேட்டையிலிருந்தெல்லாம் அந்தக் கையெழுத்துக்காகவே ஆள் வந்தார்கள். அவன் வாழ்ந்த வருஷம் என்று ஒன்று உண்டென்றால் அது எண்பத்தைந்துதான். அதைத்தான் இந்தத் தொப்பை இப்போது மைக்கில் மென்றுகொண்டிருந்தது.

அதோடு விட்டிருந்தால் எரிச்சலோடு போயிருக்கும். துரை குரலைத் தாழ்த்தினான்.

"அந்த வருசம் நானு ஒரே ஒரு கேசட்தான் ரெக்கார்ட் பண்ணேன். ஒரே ஒருத்தருக்காக. ஒவ்வொரு பாட்டும் மனசாலப் பொறுக்கினது. பேரு சொல்ல மாட்டேன். அவங்க இங்கதான் கீறாங்க."

கூடம் கொல்லென்று சிரித்தது. துரையின் மனைவி முதல் வரிசையில் நோட்டீஸால் விசிறிக்கொண்டிருந்தாள், அவளுக்கு இதெல்லாம் பழகிப்போன மாதிரி இருந்தது. ஆனால் தேவானந்தம் பார்த்தது வேறு. ஜன்னலோரம் புருஷனோடு உட்கார்ந்திருந்த பேபி சட்டென்று தலையைக் குனிந்து புடவைத் தலைப்பைத் திருகினாள். இரண்டு வரிசை தள்ளி, எழும்பூரிலிருந்து வந்திருந்த ஸ்டெல்லாவும் குனிந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. இன்னொருத்தி பெங்களூரில் வாழ்க்கைப்பட்டுவிட்டாள், இல்லாவிட்டால் அவளும் குனிந்திருப்பாள். மூன்றாவதாகக் குனிந்த தலை அவன் தங்கை செல்வமேரியுடையது. அவள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சீ என்று ஆகிவிட்டது தேவானந்தத்துக்கு. ஏனென்றால் அந்தக் கேசட்டைப் பதிவு செய்தவன் அவன். ஒன்று இல்லை, நாலு.

துரை கையில் லிஸ்ட்கூட எடுத்து வரவில்லை. நாலு காலி கேசட்டை மேஜை மேல் வைத்தான். "நீயே பொறுக்கி நல்ல லவ் சாங்கா போட்ரு மச்சான். நாலுலயும் ஒண்ணுதான். நாலு தூண்டில் போட்டா ஒண்ணுலயாவது மாட்டும்" என்றான். அந்த வயதில் அது பெரிய ஜோக். தேவானந்தம் விழுந்து விழுந்து சிரித்தான். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தனக்குப் பிடித்த பன்னிரண்டு பாட்டைப் பொறுக்கினான். எது முன்னால், எது பின்னால் என்று அடுக்கினான். நாலு தடவை ஓடவிட்டு, நாலு அட்டையிலும் அழகாக எழுதிக் கொடுத்தான். ஒரு வாரம் கழித்து வீட்டுக்குப் போனால் செல்வமேரியின் ரேடியோப் பெட்டி பக்கத்தில் ஒரு கேசட். அட்டையில் அவன் கையெழுத்து.

அன்றைக்கே துரையின் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. கடைக்கு வாரம் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறவன் துரை. சின்னப் பெண், நாலு நாளில் மறந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டான். துரை எண்பத்தாறில் விமானம் ஏறினான், எண்பத்தெட்டில் தன் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்து போனான். செல்வமேரி மறக்கவில்லை. துரையின் அம்மாக்காரி பிடிவாதம், பாவம் அவர் என்ன செய்வார் என்று அவளே ஒரு கதை கட்டிக்கொண்டாள். செங்கல்பட்டு வாத்தியார் பெண் பார்க்க வந்தார், வேண்டாம் என்றாள். தபால் ஆபீஸ்காரர் வந்தார், வேண்டாம். மூன்றாவதாக வந்தவரின் போட்டோவைக்கூட அவள் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் தேவானந்தம், தங்கச்சி இஷ்டம்தான் என் இஷ்டம் என்று வந்தவர்களிடம் பெருந்தன்மையாகச் சொல்லியனுப்பினான்.

இப்போது அவளுக்கு முப்பத்தைந்து. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருக்கும் ஆரோக்கியதாஸ், மனைவியை இழந்தவர், நல்ல மனுஷர், இரண்டு தடவை வீட்டுக்கு வந்துபோயிருந்தார். செல்வமேரி இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றிருந்தாள். போன வாரம் அவருக்கு டீ கொடுத்தபோது சிரிக்கக்கூடச் சிரித்தாள். அவர் பதில் கேட்க வருகிற நாள் இன்றைக்குத்தான், சாயங்காலம் ஐந்து மணிக்கு.

பிரியாணி வந்தது. தேவானந்தத்துக்கு ஒரு வாய் இறங்கவில்லை. துரை ஒவ்வொரு மேஜையாக வந்து விசாரித்தான். செல்வமேரியின் அருகில் வந்து, நீ அப்படியேதான் இருக்கிறாய் என்று சொல்லிவிட்டு ஒரு கண்ணைச் சிமிட்டினான். அடுத்த மேஜையில் பேபியிடமும் அதையே சொன்னான், அதே கண்ணைத்தான் சிமிட்டினான். எச்சில் இலையை எடுத்து அவன் முகத்தில் வீசலாம் போலிருந்தது. வீசவில்லை. எழுந்துபோய்க் கை கழுவினான்.

அண்ணனும் தங்கையும் பஸ்ஸில் வந்து இறங்கி, பீர்க்கன்கரணை ஏரிக்கரை வழியாக வீட்டுக்கு நடந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஏரியில் பாதி தண்ணீர், பாதி ஆகாயத்தாமரை. செல்வமேரி குடைக்குள் தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டு வந்தாள். முப்பத்தைந்து வயதுக்காரி முகத்தில் இருபத்துமூன்று வயதுச் சிரிப்பு. பார்க்கச் சகிக்கவில்லை.

"அண்ணா," என்றாள். "சாயங்காலம் அந்த ஃபோர்மேன் வந்தா வேணாம்னு சொல்லிடு."

ஏன் என்று கேட்டான்.

"மனசுல ஒருத்தரை வெச்சுக்கிட்டு இன்னொருத்தருக்குச் சரின்னு சொன்னா பாவம்ணா. அவர் இத்தனை வருஷம் கழிச்சும் நினைச்சுக்கிட்டிருக்காரே. எனக்கு அது போதும்."

இதுவரை மூன்று முறை செய்ததைப் போல நாலாவது முறையும் சரிம்மா, உன் இஷ்டம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. கூடவே பேபியின் குனிந்த தலையும், அந்தச் சென்ட் வாசனையும் நினைவுக்கு வந்தன. தேவானந்தம் கரையோரப் புளியமரத்தடியில் நின்றுவிட்டான்.

"அந்தக் கேசட்டு நாலு காப்பிம்மா," என்றான். "நாந்தான் போட்டுக் குடுத்தேன். உனக்கு ஒண்ணு, பேபிக்கு ஒண்ணு, ஸ்டெல்லாவுக்கு ஒண்ணு, பெங்களூர்ல கீறவளுக்கு ஒண்ணு. பாட்டுகூட அந்த நாயி பொறுக்கல. நானு பொறுக்கினது."

ஒருமுறை வாய் திறந்ததும் எல்லாம் கொட்டியது. தூண்டில் பேச்சைச் சொன்னான். தான் சிரித்ததையும் சொன்னான். சொல்லச் சொல்ல துரையின் மேலிருந்த ஆத்திரமே அவனைப் பேசவைத்தது. இந்தக் கழிசடையை நினைத்துக்கொண்டா நல்ல மனுஷரை வேண்டாம் என்கிறாய் என்று கேட்டான். கேட்டுவிட்டு, ஒரு பெரிய உபகாரம் செய்தவன் மாதிரி நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

செல்வமேரி அழவில்லை. குடையை மடக்கினாள். துரையைப் பற்றி ஒரு வார்த்தை அவள் கேட்கவில்லை.

"வாத்தியார் வந்தப்ப உனக்கு இது தெரியுமா?"

தெரியும் என்றான்.

"தபால் ஆபீஸ்காரர் வந்தப்ப?"

உன் மனசு உடைந்துவிடுமே என்று பயந்துதான் சொல்லவில்லை என்று ஆரம்பித்தான். ஆரம்பித்தவனுக்கே அது நாறியது. தொண்ணூறுக்குப் பிறகு ரெடிமேட் கேசட் பஸ் ஸ்டாண்டில் கூவிக் கூவி விற்க ஆரம்பித்ததும், ரெக்கார்டிங் சென்டருக்கு ஈ காக்கை வரவில்லை. அதே கடையில் ஜெராக்ஸ் மிஷினைப் போட்டான், அதுவும் பாதி நாள் ரிப்பேர். அடுப்பு எரிந்ததும், அவன் இரண்டு பிள்ளைகள் கான்வென்ட்டுக்குப் போனதும், அவன் மனைவி லில்லிக்கு ஆபரேஷன் நடந்ததும் செல்வமேரியின் டீச்சர் சம்பளத்தில். இதை அவன் ஒருநாளும் அந்தக் கேசட்டோடு சேர்த்து வைத்து நினைத்துப் பார்த்ததில்லை. நினைக்காமல் இருப்பதில் அவ்வளவு சாமர்த்தியம் இருந்தது. தங்கை இஷ்டம் தன் இஷ்டம் என்று மூன்று பேரிடம் சொன்ன பெருந்தன்மை இப்போது ஏரிக்கரையில் அம்மணமாக நின்றது.

"அவருக்கு நாலு பேர்ணா," என்றாள் செல்வமேரி. குரல் உயரவேயில்லை. "நாலுல ஒண்ணுன்னு போய்ட்டார். உனக்கு நான் ஒருத்திதானே இருந்தேன்?"

அவள் முன்னால் நடந்தாள். அவன் பின்னால் நடந்தான். காலையிலிருந்து துரையின் மேலிருந்த அருவருப்பு இப்போது தன் மேலேயே திரும்பியது. துரைக்காவது அயோக்கியன் என்ற பெயர் பொருந்தும். தனக்கு என்ன பெயர் வைப்பது என்று தேவானந்தத்துக்குத் தெரியவில்லை.

ஐந்து மணிக்கு ஆரோக்கியதாஸ் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஆப்பிள் பை. லில்லி டீ கொண்டுவந்து வைத்தாள். செல்வமேரி முகம் கழுவி, வேறு புடவை மாற்றி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்தாள். பெண் கேட்டு வந்தவர் முன்னால் அவள் அப்படி உட்கார்ந்து அந்த வீடு பார்த்ததில்லை. ஏதோ வெயில், ரயில் தாமதம் என்று கொஞ்சம் பேச்சு நடந்தது. அப்புறம் ஆரோக்கியதாஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரியவர்களைக் கேட்பதுதான் முறை என்பதால் தேவானந்தத்தின் பக்கம் திரும்பினார்.

"வூட்டுக்குப் பெரியவர் நீங்க. என்ன முடிவு பண்ணியிருக்கீங்கன்னு சொன்னா நல்லா இருக்கும்."

தேவானந்தம் வாயைத் திறந்தான்.

"அவர் சொல்ல மாட்டார்," என்றாள் செல்வமேரி. "நான் சொல்றேன். எனக்குச் சம்மதம்."