பாரசீகப் பக்கம்

விவேகானந்தன் சேருக்குக் கிரேக்கர் என்றால் உயிர். யாழ்ப்பாணத்திலிருந்து நாவலப்பிட்டிக்கு மாற்றலாகி வந்த வரலாற்று ஆசிரியர். பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் தன் இல்லத்தின் இடைவேளை நிகழ்ச்சி கைக்குக் கிடைத்தால் விடுவாரா? கிரேக்கருக்கும் பாரசீகருக்கும் சண்டை மூட்டிவிட்டார்.

டவுன் பையன்கள் கிரேக்கர்கள். அவர்களுக்குப் பலகையில் வட்டக் கேடயம் செய்து பித்தளை நிறம் அடித்தார். பாரசீகக் கேடயம் பின்னல் வேலை. அதற்குத் தேயிலை பறிக்கும் கொழுந்துக் கூடை இருக்கிறதே. வீட்டில் கிடக்கும் பழைய கூடைகளைக் கொண்டு வரும்படி தோட்டத்துப் பிள்ளைகளிடம் சொன்னார்.

"ஏன் சேர், நாங்க எல்லாரும் பாரசீகம்?" என்று அவர்களில் ஒருத்தியான லோஜினி கேட்டாள்.

"கூடை உங்கட வீட்டிலதானே இருக்கு, பிள்ளை."

லோஜினி தலையாட்டினாள். நல்ல பதில் சொல்லிவிட்டதாக சேருக்கும் திருப்தி.

போட்டியன்று ஒலிவாங்கியைப் பிடித்து விளக்கினார். கிரேக்கனின் கேடயத்தில் பாதி, இடப்பக்கம் நிற்பவனைக் காக்கும். அதனால் வரிசை முழுவதும் ஒரே உடம்பாக நகரும். பாரசீகரின் முன்வரிசை கேடயங்களை வேலியாக நிறுத்தும்; பின்னால் நிற்பவர்கள் அம்பு விடுவார்கள். எதிரி தூரத்தில் இருக்கும்வரை அவர்கள் ராச்சியம்தான். கிட்ட வந்துவிட்டால் வேலி உடையும், பின்னால் நிற்பவர்களுக்கு ஒரு காப்பும் கிடையாது.

"இப்ப பாருங்கோ," என்றார்.

ஒத்திகையில் மெல்லத் தொட்ட டவுன் பையன்கள் கைதட்டலைக் கேட்டதும் நிஜமாகவே மோதினார்கள். கூடைகள் நொறுங்கின. பழக்கியபடியே பாரசீகர்கள் அழகாக விழுந்தார்கள். இடைவேளை நிகழ்ச்சிக்கான முதல் பரிசு சேரின் இல்லத்துக்குத்தான்.

பரிசுக் கிண்ணத்தோடு சேர் திரும்பியபோது, லோஜினியின் அம்மா ஜெயராணி மைதான ஓரத்தில் குந்தியிருந்து, உடைந்த கூடையைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். புதுக் கூடை.

"பழசைத்தானே கேட்டனான், அம்மா?"

"பள்ளிக்கூடத்துக்குப் பிஞ்சத எப்புடிங்க சேர் குடுத்து விடுறது?" ஜெயராணி எழுந்து நின்றாள். "நாளைக்கு மலைக்குக் கொழுந்து எடுக்கப் போவணும். அதான் கட்டிப் பாக்குறேன்."

சேருக்குக் கிண்ணத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"விடும்மா," என்றாள் லோஜினி. அவள் முழங்காலில் இன்னும் புழுதி. "சேர் மேல தப்பில்ல. கூடை இருக்கிற பக்கம்தான் தோக்கணும்."

நான் அப்படிச் சொல்லவில்லையே என்று சொல்ல வாயெடுத்தார். ஒலிவாங்கியிலேயே சொல்லியிருந்தார்.